சனிக்கிழமை காலை, சமூக மன்றம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்: முதல்முறை போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஈசூன்_இளங்கோ எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்கள் புளோக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலைகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் நடக்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை கலந்து வருவார்களாம். தொண்டூழியர் தேவை என்று மின்தூக்கி பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு பாரத்தில் கையெழுத்து, ஒரு சின்ன அறிமுகக் கூட்டம், அவ்வளவுதான். வரும் சனி முதல் நாள்.

பெயர் கொடுத்த பிறகுதான் பயம் வருகிறது. எனக்குத் தம்பி தங்கை கிடையாது, பிள்ளைகளோடு பழகிய அனுபவமே குறைவு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லாரும் இருப்பார்கள் என்று சொன்னார்கள். இணையத்தில் தேடினால் ஒன்று மருத்துவக் கட்டுரை வருகிறது, இல்லையென்றால் பின்னணியில் பியானோ வாசித்து அழவைக்கும் வீடியோ வருகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆபீஸ் நண்பர் "பலூனும் சாக்லேட்டும் வாங்கிட்டுப் போ, ஒட்டிக்குவாங்க" என்கிறார். சரியா?

கிளமெண்டி_கீதா எழுதியது:

பலூன் வேண்டவே வேண்டாம் தம்பி. ஒன்று வெடித்தால் போதும், சத்தம் தாங்காத பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவார்கள், அன்றைய காலை அத்தோடு சரி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாது. பலூனைத் தொட்டாலே தடிப்பு வரும், சிலருக்கு மூச்சுத்திணறல் வரை போகும். சாக்லேட்டும் அப்படித்தான். விழுங்கச் சிரமப்படும் பிள்ளை இருக்கும், பால் சேராத பிள்ளை இருக்கும், ஹலால் பார்க்கும் குடும்பம் இருக்கும். வெறுங்கையோடு போங்கள்.

கழுத்தில் அட்டை தொங்க வேண்டாம், இழுப்பார்கள். சென்ட் வேண்டாம், உங்களுக்கு வாசனை, அவர்களில் சிலருக்குக் குமட்டல். தரையில் உட்காரத் தோதான கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பேசும்போது சின்னச் சின்ன வாக்கியம். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். பிள்ளை உடனே பதில் சொல்லாவிட்டால் அதே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்போம், நடுவில் "சொல்லு செல்லம், சொல்லு" வேறு. முதல் கேள்வியையே இன்னும் உள்ளே புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, நீங்கள் மாற்றிக் கேட்டதும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகத்தைத் திருப்புவதும் வேண்டாம். பார்க்காமலேயே நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய.

அங்கே "முதலில் - அப்புறம்" அட்டை வைத்திருப்பார்கள். இடது பக்கம் செய்ய வேண்டிய வேலையின் படம், வலது பக்கம் பிள்ளைக்குப் பிடித்ததன் படம். முதலில் காலணி மாட்டுவது, அப்புறம் குமிழி ஊதுவது. அட்டையில் உள்ளதை நீங்களும் மீறக் கூடாது. காலணி மாட்டியாகிவிட்டது, ஆனால் குமிழித் தண்ணீர் காலி என்றால் நீங்கள் பொய் சொன்னதாகத்தான் கணக்கு. அதனால் அட்டையை நீட்டும் முன் பாட்டிலை ஆட்டிப் பாருங்கள்.

அப்புறம் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்தே வாசலில் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. எங்கள் மன்றத்தில் சனிக்கிழமை காலையில் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு டிஷ்யூப் பெட்டி வைக்கிறார்கள். இவ்வளவு எளிய விஷயத்துக்குக் கூட யாராவது வாய்திறந்து கேட்க வேண்டியிருந்தது.

ஓய்ந்த_ஓட்டுநர் எழுதியது:

கீதா சொன்னது எல்லாம் சரி. நான் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், படித்துத் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பையன், சிங்கப்பூர் பஸ் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எந்தத் தொண்டூழியர் வந்தாலும் பெயர் கேட்க மாட்டான், எந்த பஸ்ஸில் வந்தாய் என்றுதான் கேட்பான். அந்த எண்தான் அவனுக்கு அவர் பெயர். நான் அவனுக்கு 67. ஒருநாள் மகள் காரில் இறக்கிவிட்டாள், உண்மையைச் சொன்னேன், முகம் வாடிவிட்டது. அதிலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில்தான்.

ஒவ்வொரு வாரமும் அதே கேள்விகள்: 67 எங்கே கிளம்பும், எங்கே முடியும். சுவா சூ காங், தெம்பனிஸ். தெரிந்துகொண்டேதான் கேட்கிறான். பதில் மாறவில்லை என்று பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு நிம்மதி. எனக்கும் வேறென்ன அவசரம், சொல்கிறேன். உங்களுக்கு ரயில் பற்றித் தெரிந்தால் நல்லது தம்பி, நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். நீங்கள் ஒரு நிலையத்தை விட்டுவிட்டால் விடமாட்டார்கள்.

தாயுமானவள் எழுதியது:

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறான். நல்ல எண்ணத்தில்தான் எல்லாரும் வருகிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் கசப்பாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கூட்டம் வரும். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டிசட்டை. பிள்ளைக்குப் பிள்ளை ஒரு பை, அதில் ஒரு பென்சில் பெட்டி, ஒரு பாக்கெட் பிஸ்கட். ஒலிபெருக்கியில் பாட்டு. கடைசியில் எல்லாரும் சேர்ந்து படம், கட்டைவிரலை உயர்த்தச் சொல்வார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள். என் மகன் அன்று கையைப் பிடித்த அண்ணனை அடுத்த சனிக்கிழமை கதவருகில் தேடுவான். வாயால் கேட்க மாட்டான், கதவையே பார்த்துக்கொண்டு நிற்பான். அதைச் சமாளிப்பது நான்.

இன்னொன்று. அவன் ஆறு வயதில் குண்டுக் கன்னத்தோடு இருந்தபோது தூக்கிக் கொஞ்ச ஆள் வரிசையில் நின்றது. இப்போது என்னைவிட உயரம், மீசை அரும்பிவிட்டது, சந்தோஷம் வந்தால் சத்தமாகக் குதிப்பான். குதித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பின்வாங்குகிறார்கள். அதே பிள்ளைதான், அதே குதிதான். அறைக்குள் வரும் புதிய தொண்டூழியர்கள் நேராகச் சின்னப் பிள்ளைகள் பக்கம் போய்விடுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பதினெட்டு வயதோடு பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு பகல்நேர நடவடிக்கை நிலையமோ, ஒத்தாசையோடு ஒரு வேலையோ கிடைத்தால் உண்டு. நண்பர் என்று சொல்ல ஒருவர் தேவைப்படுவது அப்போதுதான். இளங்கோ, ஈசூனில் மீசை வைத்த பையன் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனும் உங்கள் வயதை நோக்கித்தான் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைத் தாண்டிக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார்கள், மகனுக்கு என்ன பிடிக்கும், எப்போது கோபம் வரும் என்று. நான் வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் கூட இருப்பது அவர். பல் தேய்க்க எப்படிச் சம்மதிப்பான், எந்த மின்தூக்கியில் ஏற மாட்டான் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவரிடம் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

நீங்கள் பிள்ளையோடு இருக்கும் அந்த நேரத்தில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று சிலர் வியப்பாகக் கேட்கிறார்கள். நான் கீழே காப்பிக்கடையில் ஒரு தே ஓ, பால் இல்லாத தேநீர், வாங்கி ஆறுவதற்குள் குடிக்கிறேன். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஈசூன்_இளங்கோ எழுதியது:

அக்கா, நேராகச் சொன்னதற்கு நன்றி. எனக்கு ஷிஃப்ட் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் உறுதியாகச் சொல்ல முடியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அப்படி அரைகுறையாக வருவதற்கு வராமலேயே இருக்கலாமோ?

தாயுமானவள் எழுதியது:

இல்லவே இல்லை. எத்தனை முறை வருகிறீர்கள் என்பது பிரச்சினை இல்லை, எப்போது வருவீர்கள் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஷிஃப்ட் அட்டவணை வந்ததும் ஒருங்கிணைப்பாளரிடம் தேதிகளைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் முகம் தெரியும் படம் ஒன்றையும் கொடுங்கள். அன்றைய நடவடிக்கைகளைப் படமாக ஒட்டும் பலகையில், நீங்கள் வரும் நாளில் உங்கள் படமும் இருக்கும், வராத நாளில் இருக்காது. அது போதும் அவனுக்கு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் "சாரி, தலைவலி" என்று செய்தி அனுப்புவதுதான் கொல்லும்.

உட்லண்ட்ஸ்_மாணவி எழுதியது:

நான் ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவி. ஆண்ட்டி சொன்னதில் பாதி எங்களைக் குறித்துத்தான் என்று புரிகிறது. ஆமாம், பள்ளியின் நற்செயல் திட்ட மணிக்கணக்குக்காகத்தான் வந்தேன். என்னுடன் வந்த நால்வரில் மூவர் மணிக்கணக்கு முடிந்ததும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. ஆனால் மணிக்கணக்கு என்ற ஒன்று இல்லாவிட்டால் நான் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் யாரும் இப்படி ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடியதே இல்லை. சின்ன வயதிலேயே அவர்கள் ஒரு பள்ளி, நாங்கள் ஒரு பள்ளி என்று பிரிந்துவிடுகிறோம், பிறகு எங்கே பார்ப்பது? வந்து போகிறவர்களை விரட்டினால் தங்குகிறவர்களும் வரமாட்டார்கள் என்பது என் கருத்து. தப்பாக நினைக்க வேண்டாம் ஆண்ட்டி.

தாயுமானவள் எழுதியது:

தப்பாக நினைக்கவில்லை கண்ணு. தங்கினாயே, அதற்கே உனக்கு ஒரு தோசை வாங்கித் தர வேண்டும். ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஒருமுறை மட்டும் வரும் கூட்டத்துக்கு என் பிள்ளையின் கையைப் பிடிக்கும் வேலையைத் தராதீர்கள் என்கிறேன். நாற்காலி அடுக்கலாம், அட்டை வெட்டி லேமினேட் செய்யலாம், விளையாட்டுப் பாயைத் துடைக்கலாம், பிள்ளைகளோடு வந்த அண்ணன் தங்கைகளோடு விளையாடலாம். அந்தக் கூடப்பிறந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு மூலையில் பள்ளிப்பையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். யாராவது ஒரு ஊனோ சீட்டாட்டம் ஆட வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படம் எடுப்பது பற்றியும் மாணவிகளுக்குச் சொல்லிவை: பிள்ளை முகம் எந்த இன்ஸ்டகிராம் ஸ்டோரியிலும் எந்த ரீலிலும் வரக் கூடாது. மன்றம் ஒப்புதல் பாரம் வாங்கியிருந்தாலும் அது மன்றத்துக்குத்தான், உங்கள் கைப்பேசிக்கு இல்லை.

கைத்தொழில்_சுதா எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். இளங்கோ, உங்களுக்கு இரண்டு வகை விஷயம் தெரிந்தால் போதும்: எதைச் செய்யலாம் என்பதைப் பிள்ளையே சொல்லித்தரும். எதைச் செய்யவே கூடாது என்பதை நான் சொல்கிறேன்.

வலிப்பு வந்தால். இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களின் கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடும். இரும்பைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்காது, விரல்தான் கிழியும். வாயில் கரண்டியோ துணியோ எதுவும் வைக்காதீர்கள், நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது கட்டுக்கதை. கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள நாற்காலிகளைத் தள்ளுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தால், அல்லது இதுதான் முதல் வலிப்பு என்றால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு வெறும் வெறித்த பார்வையாகவும் வலிப்பு வரும், கூப்பிட்டால் சில நொடி பதில் இருக்காது. "கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்று தோளை உலுக்குவதற்கு முன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

சக்கர நாற்காலி அந்தப் பிள்ளையின் உடம்பில் ஒரு பகுதி மாதிரி. கேட்காமல் தள்ளாதீர்கள், கைப்பிடியில் சாய்ந்து நின்று மற்றவரோடு அரட்டை அடிக்காதீர்கள். நிறுத்தியதும் இரண்டு பக்கமும் பிரேக். கிளம்பும் முன் பாதங்கள் தாங்கியின் மேல் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள், சக்கரத்தில் கால் மாட்டுவது அங்கேதான். கனமான பையைப் பின்பக்கம் மாட்டினால், பிள்ளையை இறக்கியதும் நாற்காலி பின்னால் கவிழும். சரிவான இடத்தில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் இருந்து பின்னோக்கி இறக்குங்கள். நாற்காலியிலிருந்து தூக்கி மாற்றுவது உங்கள் வேலை இல்லை, யாராவது கற்றுத்தரும் வரை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சாப்பாடு, தண்ணீர்: பெற்றோரோ பணிப்பெண்ணோ கொடுக்கட்டும். தண்ணீரையே மாவு கலந்து கெட்டியாக்கிக் குடிக்கும் பிள்ளைகள் உண்டு. சாதாரணத் தண்ணீர் ஒரு மடக்கு தவறான குழாயில் இறங்கினால் நிமோனியா வரை போகலாம். "பாவம், தாகமாக இருக்குமே" என்று பாட்டிலை நீட்டிவிடாதீர்கள்.

கழிவறைக்கு அழைத்துப் போவதும் தொண்டூழியர் வேலை இல்லை. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருங்கள். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும்.

பிள்ளை கட்டுக்கடங்காமல் அழும்போது அறிவுரை எதுவும் உள்ளே போகாது. பேச்சைக் குறையுங்கள், விளக்கைக் குறையுங்கள், மற்றவர்களை நகர்த்துங்கள், பக்கத்தில் இருங்கள். வேடிக்கை பார்க்கும் ஆட்களை விலக்கிவிடுவதே பெரிய உதவி.

செங்காங்_அப்பா எழுதியது:

சுதா, ஒரு சந்தேகம். என் மகளுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னபோது ஒரு நிலையத்தில் "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் போதும்" என்றார்கள். தமிழை விட்டுவிட்டோம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. இப்போது பேத்தியும் பாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சைகை காட்டிக்கொள்கிறார்கள். மன்றத்தில் தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவர் வந்தால் குழப்பமாகுமா, நல்லதா?

கைத்தொழில்_சுதா எழுதியது:

நல்லதுதான். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. முன்பு அப்படி அறிவுரை சொல்வது வழக்கமாக இருந்தது, இப்போது பேச்சுச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் சொல்வார்கள். பாட்டி தமிழிலேயே பேசட்டும். தாலாட்டு, சாப்பாடு, குளியல் எல்லாம் எந்த மொழியில் இயல்பாக வருகிறதோ அதில் நடக்கட்டும். நம் ஊரில் ஒரு பிள்ளை பள்ளியில் ஆங்கிலமும், அம்மாவிடம் தமிழும், பணிப்பெண்ணிடம் இந்தோனீசிய மொழியும் கேட்டு வளர்வது சாதாரணம். பேச்சே வராத பிள்ளை தமிழில் "வா, குளிக்கலாம்" என்றதும் துண்டை எடுத்துக்கொண்டு வருவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். உங்கள் பிள்ளைக்கு என்று குறிப்பாகக் கேட்க வேண்டுமானால் அவளுடைய பேச்சுச் சிகிச்சையாளரிடம் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

புக்கிட்_பாத்தோக்_பாலன் எழுதியது:

எல்லாம் நல்ல பேச்சு. ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலையை, லிஃப்ட் நோட்டீஸ் பார்த்து வந்த பையனிடம் கொடுப்பது என்ன நியாயம்? சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டியதுதானே.

கிளமெண்டி_கீதா எழுதியது:

பாலன் அண்ணே, அரைவாசி ஒத்துக்கொள்கிறேன். ஒருங்கிணைப்பாளரும் சிகிச்சையாளரும் சம்பளம் வாங்கும் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும், தொண்டூழியரை வைத்து அந்த இடத்தை நிரப்பும் எந்த ஏற்பாட்டிலும் நான் சேர மாட்டேன். ஆனால் முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவை அதிகமுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான எனேபிலிங் வில்லேஜ் வளாகம் 2015-ல் திறந்தது. 2022-ல் வந்த, உடற்குறையுள்ளோருக்கான 2030 பெருந்திட்டத்துக்குப் பிறகு, 2023-ல் தெம்பனிசில் அவர்களுக்கான முதல் சேவை மையம், வீட்டுப் பக்கத்திலேயே போய்ச் செய்ய ஏதாவது இருக்கட்டும் என்றுதான்.

ஆனால் சம்பளத்துக்கு வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் வரும் பெரியவர்கள் எல்லாரும் ஆசிரியர், சிகிச்சையாளர், பணிப்பெண். எல்லாரும் ஏதோ ஒரு இலக்கோடு வருகிறவர்கள். அந்த மூக்கைத் தொட வை, இந்த மணியைக் கோர்க்க வை. ஒன்றும் கற்றுத்தராமல் சும்மா கூட விளையாட ஒரு ஆள் வேண்டாமா?

தோபாயோ_ரெஃப்ரி எழுதியது:

கீதா சொன்னதற்கு என்னிடம் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போச்சியா ஆட்டத்துக்கு உதவி செய்கிறவன். பெருமூளை வாதம் மாதிரி கை கால் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கான ஆட்டம். பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் நம் ஜெரலின் டான் வெள்ளி வாங்கினாரே, அதுதான். ஆளுக்கு ஆறு பந்து, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, அதன் பக்கத்தில் யாருடைய பந்து நெருங்கி நிற்கிறது என்று பார்ப்பது. மைதானம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். பேட்மிண்டன் மைதானம் 13.4-க்கு 6.1. அதனால் பேட்மிண்டன் மைதானம் உள்ள எந்தச் சமூக மன்ற மண்டபத்திலும் ஆடலாம், தரையில் டேப் ஒட்டினால் போதும். பந்துகள் மட்டும் விலை கூடுதல்.

இதில் பந்தைக் கையால் எறிய முடியாதவர்களுக்கு ஒரு பிரிவு உண்டு. அவர்களுக்கு ஒரு சரிவுப் பாதை, பந்து அதில் உருண்டு போகும். பாதையைத் திருப்ப, உயர்த்த, பந்தை வைக்க ஓர் உதவியாளர் இருப்பார். அந்த உதவியாளர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. விதியே அப்படி. பந்து எங்கே நிற்கிறது, எதிராளி என்ன செய்தார் என்று உதவியாளருக்குத் தெரியாது. ஆட்டக்காரர் இடது என்றால் இடது, இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம். பேச்சு வராத பிள்ளை கண்ணால் காட்டும், புருவத்தால் காட்டும்.

எங்களிடம் ஒரு பெண் பிள்ளை, பதினொரு வயது இருக்கும். தலையில் கட்டிய பட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியால் பந்தைத் தள்ளிவிடுவாள். அவள் அப்பா உதவியாளராக உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமல் அவரால் இருக்கவே முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பும், "இல்லைம்மா, வலது பக்கம் வை" என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விடுவாள், ஆட மாட்டேன் என்று அர்த்தம். பிறகு அந்த இடத்தில் ஒரு பாலிடெக்னிக் மாணவனை உட்கார வைத்தோம். அவனுக்கு ஆட்டமும் தெரியாது, அவளையும் தெரியாது. அவள் இடது என்று காட்டினாள், நகர்த்தினான். பந்து எங்கோ போய் நின்றது, அவனுக்குத் தெரியாது. மறுபடி காட்டினாள், நகர்த்தினான். அன்று அவள் தோற்றாள், ஆனால் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துத் தோற்றாள். போகும்போது அந்தப் பையனைப் பார்த்துக் கண்ணால் அடுத்த வாரம் என்று கேட்டாள். அப்பாவுக்குக் கொஞ்சம் பொறாமைதான், என்னிடம் ஒப்புக்கொண்டார்.

பாலன், உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். எல்லாம் தெரிந்த ஆள் தேவைப்படும் இடமும் உண்டு, அவள் சொன்னதை மட்டும் செய்யும் ஆள் தேவைப்படும் இடமும் உண்டு.

குதிரைச் சவாரி சிகிச்சைக்கும் இங்கே 1982 முதல் ஒரு சங்கம் இருக்கிறது, அங்கேயும் பிள்ளை குதிரையில், தொண்டூழியர் பக்கவாட்டில் நடந்துகொண்டே வர வேண்டும். நடக்கப் பிடித்தவர்கள் அதையும் பாருங்கள். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கும்.

புக்கிட்_பாத்தோக்_பாலன் எழுதியது:

சரி, அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சம்பள விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

ஈசூன்_இளங்கோ எழுதியது:

போய் வந்துவிட்டேன். வெறுங்கையோடு போனேன், நல்லவேளை. பக்கத்து மண்டபத்தில் சிங்க நடனப் பயிற்சி, முரசுச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. இரண்டு பிள்ளைகள் காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டார்கள், ஒருவன் மட்டும் சுவரில் கன்னத்தை வைத்து அதிர்வை ரசித்துக்கொண்டிருந்தான். ஒரே சத்தம், ஒருவருக்கு வேதனை, இன்னொருவருக்குக் கொண்டாட்டம்.

தாயுமானவள் அக்கா சொன்னபடி மூலையில் உட்கார்ந்திருந்த பெரிய பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினான்கு, பதினைந்து இருக்கும். ரொம்ப நேரம் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. லெகோ துண்டுகளை நிறம்வாரியாக வரிசை வைத்துக்கொண்டிருந்தான். நானும் என் பக்கத்தில் ஒரு வரிசை வைத்தேன். ஒரு பச்சையை நான் மாற்றி வைத்ததும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை. அவன் கூட வந்த பணிப்பெண்ணிடம் கேட்டேன், இன்று நல்ல நாளா என்று. "வெரி குட் டே" என்றார். தேதிகளையும் என் படத்தையும் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு கேள்வி. அவன் தமிழ் வீட்டுப் பிள்ளை. பேச்சுக்குப் பதிலாகப் பட அட்டைப் புத்தகம் வைத்திருக்கிறான். சாப்பாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் சாண்ட்விச், பர்கர், பாஸ்தா, ஆப்பிள். இட்லி இல்லை, தோசை இல்லை. பாட்டி என்ற அட்டையில் வெள்ளை முடி, கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பாட்டி. அவன் பசித்தால் எதைக் காட்டுவான்? பணிப்பெண் சொன்னார், சாண்ட்விச் அட்டையைக் கொடுப்பான், இவர் தோசை சுட்டுத் தருவார் என்று! நம் சாப்பாட்டுக்கு அட்டைகள் எங்காவது கிடைக்குமா?

கைத்தொழில்_சுதா எழுதியது:

கடையில் தேடாதீர்கள், வீட்டிலேயே செய்யலாம். அவன் சாப்பிடும் அதே தட்டில், அவன் அம்மா வைக்கும் அதே தோசையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைவிட அவனுக்குப் பழகிய பொருளின் படம் எளிதில் பிடிபடும். பாட்டியையும் நேராக ஒரு படம், அவர் எப்போதும் கட்டும் சேலையில். பின்னணி வெறுமையாக இருக்கட்டும், காலண்டர், சாமி படம், டிவி எதுவும் தெரியக் கூடாது. எல்லா அட்டையும் ஒரே அளவு. லேமினேட் செய்து முனைகளை வட்டமாக வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். ஆனால் புத்தகத்தில் சேர்ப்பதற்கு முன் அவன் பள்ளியின் பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் முப்பது அட்டையைக் கொட்டினால் அவனுக்குத் தலை சுற்றும்.

ஓய்ந்த_ஓட்டுநர் எழுதியது:

லேமினேட் செய்ய பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போங்கள் தம்பி, அங்கே அச்சு வேலைக் கடைகள் இருக்கின்றன. பஸ் படம் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், என் கைப்பேசி முழுக்க அதுதான்.

செங்காங்_அப்பா எழுதியது:

எங்களுக்கும் ஒரு செட் செய்யுங்கள், செலவை நான் தருகிறேன். என் அம்மா இப்போதே சேலை தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார், தீபாவளிப் பட்டுதான் வேண்டுமாம். தினமும் கட்டும் நூல் சேலைதான் வேண்டும் என்று யார் போய்ச் சொல்வது?

தாயுமானவள் எழுதியது:

இளங்கோ, தோசையைப் படம் எடுக்கும்போது சட்னி இருக்கும் தட்டு ஒன்று, சட்னி இல்லாத தட்டு ஒன்று, இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். என் மகனுக்கு இரண்டும் வேறு வேறு சாப்பாடு. மாற்றிக் கொடுத்தால் தட்டு பறக்கும்.